சரக்கு உள்ளே, ஆள் வெளியே

(சிதம்பரத்தில் இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘பன்றிக்கறி ஏற்றுமதி’. தலைப்பைச் சொன்னதும் பின் வரிசையில ரெண்டு மூணு பேர் சிரிச்சாங்க. பண்ருட்டி முந்திரி ஏற்றுமதின்னா யாரும் சிரிக்கிறதில்ல. இறால் ஏற்றுமதி, தோல் ஏற்றுமதின்னா சிரிக்கிறதில்ல. பன்னின்னா மட்டும் சிரிப்பு வருது. உலகத்துல அதிகமா திங்கிற கறிகள்ல ஒண்ணு பன்னிக்கறி. ஸ்பெயினும் அமெரிக்காவும் பிரேசிலும் டென்மார்க்கும் அதைக் கப்பல் கப்பலா ஏத்திக் காசு பாக்குறாங்க. அங்கே அது வியாபாரம். இங்கே அது சாதி. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருதுங்கறதையும் சேர்த்துத்தான் நாம பேசணும்.

இந்தத் தலைப்பை நான் தேர்ந்தெடுக்கல. நம்ம கடலூர் மாவட்டத்துல படிச்சிட்டு வேலை இல்லாம இருக்கிற தம்பிங்க கேட்ட கேள்வி இது. ‘அண்ணே, சிங்கப்பூருல பன்னியே வளக்கிறதில்லையாம், எல்லாம் வெளியிலேருந்துதான் வாங்குறானாம். நம்ம சனங்களுக்குத் தெரிஞ்ச தொழில்தானே, நாம அனுப்பினா என்ன?’ நியாயமான கேள்வி. இதுக்கு ‘ஆமா’ன்னோ ‘வேணாம்’னோ ஒரே சொல்லுல பதில் சொல்லிட முடியாது.

நம்ம இயக்கத்துக்குள்ளேயே இதுல ரெண்டு நிலைப்பாடு இருக்கு. ஒண்ணு, இந்தத் தொழிலை அடியோட விடணுங்கறது. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் செத்த மாட்டுக் கறியை விடச் சொன்னார். இழிவு சுமத்திய வேலைகளை உதறச் சொன்னார். தென்னாற்காட்டுச் சேரிகளில் பறையடிக்க மாட்டோம், இழவு சொல்லப் போக மாட்டோம் என்று எழுந்த குரல்கள் அந்த மரபில் வந்தவைதான். இன்னொண்ணு, நம்ம உணவு நம்ம பண்பாடு, மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் நம்ம அடையாளம், தலைநிமிர்ந்து சொல்லுவோங்கறது. 1990களில் தலித் இலக்கியமும் தலித் பண்பாட்டு விவாதமும் இந்தக் குரலைப் பலமாக எழுப்பின.

நான் இந்த ரெண்டையும் எதிரெதிரா நிறுத்தல. இழிவு கறியில இல்ல, கட்டாயத்துல இருக்கு. ஒருத்தன் பிறந்த சாதிக்காக ஒரு வேலையைச் செய்யணும்னா அது பூ கட்டுற வேலையா இருந்தாலும் அடிமைத்தனம்தான். அதே வேலையை வேணும்னா செய்யலாம், வேணாம்னா விடலாம், செய்யறவனுக்கே லாபம்னு ஆனா அது தொழில். ஆகவே கேள்வி, ‘பன்றி வளர்க்கலாமா கூடாதா’ என்பதல்ல. வளர்க்கிற கைக்கும் விற்கிற கைக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதுதான் கேள்வி.

இதைப் பேச சிதம்பரத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. நந்தனார் கதையைப் பக்திக் கதையா எல்லாரும் சொல்லுவாங்க. பெரியபுராணத்துல நந்தனார் என்ன செய்கிறார்? கோயில் பேரிகைகளுக்குத் தோல் கொடுக்கிறார், வார் கொடுக்கிறார், யாழுக்கு நரம்பு கொடுக்கிறார், பூசைக்குக் கோரோசனை கொடுக்கிறார். தோல் உள்ளே போச்சு. வார் உள்ளே போச்சு. நரம்பு உள்ளே போய் இசையாச்சு. கொடுத்த ஆள் மட்டும் வெளியே நின்னார். உள்ளே போகணும்னா நெருப்புல இறங்கணும்னு சொல்லிட்டாங்க. சரக்குக்குத் தீட்டு இல்ல, ஆளுக்குத்தான் தீட்டு. இந்த நாட்டுப் பொருளாதாரத்துக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்குத் தெரியல. இதே ஊரில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரிலேயே பள்ளிக்கூடம் கட்டினார். அவர் பிள்ளைகளை நெருப்பில் இறக்கவில்லை, வகுப்பறையில் ஏற்றினார். அந்த வித்தியாசத்தை மனசுல வச்சிக்குங்க.

அடுத்து தோலையே எடுத்துக்குவோம். செத்த மாட்டைத் தூக்கினது நம்ம சனம். உரிச்சது நம்ம சனம். தோல் ஏற்றுமதிச் சரக்கா மாறினப்போ என்ன ஆச்சு? 1972இல் சீதாராமையா குழு, அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை அனுப்புவதைக் குறைத்து முழுமையாக முடித்த தோலாகவும் செருப்பாகவும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்றது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி கூடியது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டையில் தொழிற்சாலைகள் வளர்ந்தன. தலித்துகள் அங்கே இருக்காங்களா? இருக்காங்க, கூலிக்கு. பாலாற்றில் கழிவு ஓடியது. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் வழக்கில் தீர்ப்புச் சொல்கிற அளவுக்கு மண்ணும் தண்ணியும் கெட்டன. இழிவான தொழில்னு சொன்னப்போ அது நம்ம தலையில இருந்துச்சு. லாபமான தொழில்னு ஆனதும் இன்னொருத்தன் பெட்டியில இருக்கு.

மூணாவது, நம்ம கண்ணெதிரே நடந்தது. 1990களின் தொடக்கத்தில் கடலூரிலிருந்து பரங்கிப்பேட்டை, கிள்ளை வழியாக நாகப்பட்டினம் வரைக்கும் கடலோரத்தில் இறால் பண்ணைகள் வந்தன. ‘ஏற்றுமதி, டாலர், வேலைவாய்ப்பு’ என்றார்கள். நெல் வயலில் நடவு, களை, அறுப்பு என்று பெண்களுக்கு இருந்த வேலை, குளம் வெட்டியதும் போச்சு. குளத்துக்கு நாலு காவலாள் போதும். குடிதண்ணி உப்பாச்சு. காந்தியவாதி ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் போராடினார்கள், வழக்குப் போட்டார்கள். 1996 டிசம்பர் 11ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இருந்த பண்ணைகளை அகற்றச் சொன்னது. அந்தத் தீர்ப்பு முழுசா நடைமுறைக்கு வரல. 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து, பண்ணைகள் பதிவு பெற்றுத் தொடர வழி திறந்தது. இறால் கப்பல் ஏறிச்சு. கூலிக்காரி கரையில நின்னா.

இப்ப பன்றிக்கு வருவோம்.

இந்தியா கறி ஏற்றுமதி செய்கிற நாடுதான். ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் போகிறது. அதில் மிகப் பெரும்பகுதி எருமைக் கறி. பன்றிக்கறி அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு. நாட்டில் பன்றியே குறைந்து வருகிறது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 1 கோடியே 3 லட்சம் இருந்தது, 2019இல் 90 லட்சத்துச் சொச்சமாகிவிட்டது. 12 விழுக்காடு சரிவு. இதில் அஸ்ஸாமில் மட்டும் 21 லட்சம். அங்கே நசிராவில் நாளைக்கு 400 பன்றி அறுக்கிற நவீனக் கூடம் ஏற்றுமதிக்காகவே பதிவு பெற்றது. நம்ம பக்கம் அப்படி ஒண்ணும் கிடையாது.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்க. 2022 சனவரியில் அமெரிக்கப் பன்றிக்கறியை இந்தியாவுக்குள் விட நம்ம அரசு ஒத்துக்கொண்டதாக அமெரிக்க அரசு அறிவித்தது. அவன் ஊர்ப் பன்னி இங்கே வர வழி திறந்தாச்சு. நம்ம பன்னி அங்கே போக வழி இல்ல. ஏன்? இந்தியாவில் கோமாரி இருக்கு, பன்றிக் காய்ச்சல் இருக்கு. நோய் இல்லாத பகுதி என்று உலகக் கால்நடை நல அமைப்பு ஏற்றுக்கொண்டால்தான் பணக்கார நாடுகள் பச்சைக் கறியை வாங்கும். 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் அஸ்ஸாமிலும் அருணாசலத்திலும் நுழைந்தது. 2022இல் வயநாட்டுக்கு வந்தது. 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளில் உறுதியானது. வந்தால் பட்டி காலி. மனுசனுக்கு ஒட்டாது, ஆனா மனுசன் பிழைப்பை அழிச்சிடும். அரசு நிவாரணம், அதிகாரிகள் வந்து கொல்கிற பன்றிக்குத்தான். அவங்க வர்றதுக்கு முன்னாடி நோயிலேயே செத்ததுக்குக் கிடையாது. வியாபாரி கையில அவசரமா வித்துத் தொலைக்கறது ஏன்னு இப்ப புரியுதா?

அந்தத் தம்பி சொன்ன சிங்கப்பூர் கதையும் உண்மைதான். 1984இல் அந்த அரசு பன்றிப் பண்ணைகளை ஒழிக்க முடிவு செய்து, பொங்கோல் பண்ணைகளை மூடியது. மலேசியாவிலிருந்து உயிர்ப்பன்றி வாங்கினார்கள். 1998, 99இல் மலேசியாவில் ஒரு மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்தார்கள். அது நிபா என்ற புது வைரஸ். 105 பேர் செத்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். சிங்கப்பூர் கதவைச் சாத்தியது. அடுத்து இந்தோனேசியாவின் புலாவ் புலான் தீவிலிருந்து வாங்கினார்கள். 2023 ஏப்ரலில் அங்கேயிருந்து வந்த பன்றிகளில் ஆப்பிரிக்கக் காய்ச்சல் தெரிந்ததும் அதையும் நிறுத்தினார்கள். ஏற்றுமதிச் சந்தை ஒரே ராத்திரியில சாத்தற கதவு. அன்னைக்குப் பெரிய முதலாளி வேற சரக்குக்குப் போயிடுவான். மூணு பன்னி வச்சிருக்கிற அம்மா எங்கே போவாங்க?

மூளைக்காய்ச்சல்னதும் நம்ம மாவட்டம் ஞாபகத்துக்கு வரணும். இந்தியாவில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதன்முதலில் 1955இல் வேலூரில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு தென்னாற்காட்டில் எத்தனையோ குழந்தைகளைக் கொண்டுபோனது. மதுரையில் இருந்த மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் விருத்தாசலத்தில் களநிலையம் வைத்து ஆராய்ந்தது. விஞ்ஞானம் என்ன சொல்லுது? கொக்கு, நாரை உடம்பில் கிருமி இருக்கு. பன்றி உடம்பில் அது பெருகுது. நெல் வயலில் தேங்குற தண்ணியில பெருகுற க்யூலெக்ஸ் கொசு மனுசனுக்குக் கொண்டாந்து சேர்க்குது. வயல், கொக்கு, கொசு, பன்றி, நாலும் சேர்ந்த சங்கிலி. ஆனா காய்ச்சல் வந்தா ஊரு யாரைக் கை காட்டுது? நெலத்துக்காரனை யாரும் ‘உன் வயலைக் காய விடு’ன்னு கேக்கல. பன்னி வச்சிருக்கிற குடிசையைத்தான் கேட்டாங்க. பன்றியைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வைக்கணும், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடணும், இது சரியான பேச்சு. நம்ம பிள்ளைங்கதான் முதல்ல சாகுது, ஆகவே இதை நாமே முதல்ல சொல்லணும். ஆனா தள்ளி வைக்க இடம் எங்கே? ரெண்டு சென்ட் காலனி மனையில மனுசனே படுக்க இடமில்ல.

1997இல் தமிழ்நாட்டில் நகர்ப்புற விலங்குகள், பறவைகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. நகரத்தில் வளர்க்க உரிமம் வேண்டும். நகராட்சி வண்டி வந்தா பன்னியைப் பிடிச்சிட்டுப் போகும். மாற்று இடம் குடுத்துட்டுப் பிடிச்ச நகராட்சியை நான் பாத்ததில்ல.

நான் பன்னி வளர்த்த வீட்டுப் பிள்ளை. எங்கம்மா ரெண்டு தாய்ப்பன்னி வச்சிருந்தாங்க. சினைக்காலம் மூணு மாசம், மூணு வாரம், மூணு நாள். அவங்களுக்குப் படிப்பு கிடையாது, கணக்கு தப்பாது. ஈத்துக்கு எட்டு, பத்து குட்டி. ஓட்டல் ஓட்டலா மிச்சத்தை வாளியில எடுத்து வந்து கொதிக்க வச்சு ஊத்துவாங்க. ஊத்தறது அம்மா. விலை பேசறது வியாபாரியும் அப்பாவும். வியாபாரி தராசே கொண்டு வரமாட்டான். கண்ணாலேயே எடை போடுவான். 80 கிலோ நிக்கிற பன்னியை ‘65 தேறும்’பான். நான் படிச்சு முடிச்சதும் பத்துப் பன்னிக்குக் கொட்டில் போடக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். மேலாளர் காகிதத்தைக் கூட வாங்கல. ‘மாடு வாங்குறதா இருந்தா எழுதிட்டு வா’ன்னார். பாலுன்னா கடன் உண்டு, பன்னின்னா கிடையாது. பாலுக்கு ஆவின் இருக்கு, தினம் அளந்து ஊத்திக் காசு வாங்கலாம். பன்னிக்கு என்ன இருக்கு?

இப்ப அரசு திட்டம் வச்சிருக்குன்னு சொல்லுவாங்க. தேசிய கால்நடை இயக்கத்தில் 100 தாய்ப்பன்றி, 10 கிடா வச்சுப் பண்ணை போட்டால் 30 லட்சம் ரூபாய் வரை மானியம், பாதிச் செலவு. நல்லது. மீதிப் பாதிக்கு வங்கிக் கடனோ சொந்தக் காசோ காட்டணும். இடம் காட்டணும். இந்த நிபந்தனையை யாரால காட்ட முடியும்? நிலம் வச்சிருக்கிறவனால. நாளைக்கு ஏற்றுமதி ஓடும்னு தெரிஞ்சா, இத்தனை நாள் நம்மைப் பாத்து மூக்கைப் பொத்துனவனே வெண்பன்றிப் பண்ணை போடுவான். நாம அங்கே சாணி அள்ளுவோம். தோல்ல நடந்தது, இறால்ல நடந்தது, பன்னியிலயும் நடக்கும்.

கணக்கு ஒண்ணு சொல்றேன், மாணவர்கள் எழுதிக்குங்க. ஒரு பெரிய குளிர் கண்டெய்னர் சுமார் 25 டன் கறி பிடிக்கும். 80 கிலோ பன்றியை அறுத்தா 55, 60 கிலோ தேறும். அப்போ ஒரே ஒரு கண்டெய்னருக்கு 450 பன்றி வேணும். ஒரே சமயத்துல, ஒரே எடையில, ஒரே தரத்துல. வீட்டுக்கு மூணுன்னா 150 வீடு. அறுக்கிறதுக்கு முன்னும் பின்னும் மருத்துவர் பார்த்துச் சான்று தரணும். அபேடா பதிவு பெற்ற கூடத்துல அறுக்கணும். சுழியத்துக்குக் கீழே 18 பாகையில உறைய வைக்கணும். ஓட்டல் மிச்சத்தைப் போட்டு வளர்த்ததை எடுக்க மாட்டான். இதைத் தனித்தனியா எந்தக் குடும்பமும் செய்ய முடியாது. ரெண்டே வழிதான். ஒரு முதலாளி 150 வீட்டையும் தனக்குக் கீழே கொண்டு வரணும். இல்லேன்னா 150 வீடும் சேர்ந்து ஒரே கையா ஆகணும்.

ரெண்டாவது வழி கனவு இல்லீங்க, நடந்திருக்கு. 1887இல் ஜெர்மனி, டென்மார்க்குப் பன்றிகளுக்குக் கதவைச் சாத்தியது. டென்மார்க்கின் சிறு விவசாயிகளுக்கு அதுதான் சந்தை. அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. அதே ஆண்டு ஹோர்சன்ஸ் என்ற ஊரில் விவசாயிகளே பங்கு போட்டுக் கூட்டுறவு அறுப்புக்கூடம் தொடங்கினார்கள். உயிர்ப்பன்றியை அனுப்புவதை விட்டு, உப்பிட்ட கறியாக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். உறுப்பினர் தன் பன்றியை அங்கேதான் கொடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரு ஓட்டு, பன்றிக்கு ஒரு ஓட்டு இல்லை. 100 பன்னிக்காரனும் ரெண்டு பன்னிக்காரனும் சமம். அந்தக் கூடங்கள் நாடு முழுக்கப் பரவி உலகச் சந்தையைப் பிடித்தன. அவர்களுக்குத் தீண்டாமை கிடையாது, சொந்த நிலம் இருந்தது, படிப்பு இருந்தது. நமக்கு அது மூணும் சேர்ந்து போராட வேண்டியிருக்கு. ஆனா பாடம் ஒண்ணுதான்: கத்தியும் தராசும் குளிர் அறையும் யார் கையில் இருக்கோ, லாபம் அவன் கையில.

ஆகவே நம்ம கோரிக்கை கப்பல்லேருந்து தொடங்கக் கூடாது, தராசுலேருந்து தொடங்கணும்.

முதல்ல தராசு. பன்றி வளர்க்கிற ஒவ்வொரு குடியிருப்புலயும் சங்கத்துக்குச் சொந்தமா ஒரு தராசு. எடை போடாம வித்தா விக்கறதில்லேன்னு முடிவு. இதுக்கு அரசாணை தேவையில்ல.

ரெண்டாவது, உறுப்பினர் பேர் பெண்கள் பேர்ல இருக்கணும். தீவனம் ஊத்துற கையில பணம் விழணும். இதை நம்ம ஆண்கள்கிட்டதான் முதல்ல போராடி வாங்கணும்.

மூணாவது, மருத்துவம். பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கு, நேரத்துக்குப் போட்டா பட்டி பிழைக்கும். மாட்டுக்கு வீடு தேடி வர்ற கால்நடை மருத்துவர் சேரிக்குள்ளயும் வரணும். காட்டுப்பாக்கத்துல கால்நடைப் பல்கலைக்கழகம் நல்ல இனத்தை உருவாக்கி வச்சிருக்கு. அந்தக் குட்டி நம்ம கொட்டிலுக்கு வரணும்.

நாலாவது, நிலம். 1892இல் ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர்னு சொல்றோம். அதை மீட்கத்தான் 1994இல் காரணையில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தாங்க. மீட்ட நிலத்துல குடியிருப்பை விட்டுத் தள்ளிப் பொதுக் கொட்டில், பொது அறுப்புக்கூடம். கொசுவுக்கும் பதில், வங்கிக்கும் பதில்.

அஞ்சாவது, பணம். தமிழ்நாட்டில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024இல் வந்திருக்கு. நம்ம பங்கு நிதியில, கூட்டுறவு அறுப்புக்கூடமும் குளிர் அறையும் கேட்போம். தனியாளுக்கு மானியம் போதும்னு விட்டுடக் கூடாது. தனியாள் மானியம் தனியாளாவே சாகடிக்கும்.

சந்தை? பக்கத்துலேருந்து போவோம். நெய்வேலி, புதுச்சேரி, சென்னை, பெங்களூரு, கேரளம். சுத்தமான கறி, சீல் வச்ச கறி கிடைச்சா வாங்க ஆள் இருக்கு. தமிழ்நாட்டில் வேலை செய்ற வடகிழக்குத் தோழர்கள் தேடி வாங்குவாங்க. உள்ளூர்ச் சந்தையில காலூன்றின கூட்டுறவுக்கு, வெளிநாட்டுக் கதவு சாத்தினாலும் உயிர் போகாது. கதவு திறந்தா விலையைப் பேசி அனுப்பும்.

கடைசியா மாணவர்களுக்கு ஒண்ணு. உங்களை யாரும் பன்னி மேய்க்கச் சொல்லல. நீங்க கால்நடை மருத்துவம் படிங்க, கணக்கியல் படிங்க, சட்டம் படிங்க. வளர்க்கணும்னு விரும்புற அம்மாவுக்கு அந்தப் படிப்பைக் கொண்டுவந்து கொடுங்க. வேணாம்னு சொல்ற பிள்ளைக்கு வேற வேலை கேட்டு அதே சங்கம் தெருவுல இறங்கணும். இந்த ரெண்டு உரிமையும் ஒண்ணா இருந்தாதான் அதுக்குப் பேரு விடுதலை.

இந்த மாசக் கடைசிக்குள்ள கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரங்கள்ல எத்தனை வீட்டுல எத்தனை பன்றி, எங்கே விக்கிறாங்க, யார் வாங்குறான், என்ன விலைன்னு ஒரு கணக்கு எடுப்போம். விருப்பமுள்ள மாணவர்கள் கூட்டம் முடிஞ்சதும் பேர் குடுங்க. அந்தக் கணக்கு நம்ம கையில இருந்தா, அடுத்த கூட்டத்துல அதிகாரியை உட்கார வச்சுக் கேள்வி கேக்கலாம்.

ஜெய்பீம்.